நெடிலுக்கு நீண்ட தையல்

முன்பனிக் காலம் தெருவின்மேல் வந்து அமர்ந்திருந்தது. கூரைகள் தம் விளிம்பை இழந்தன. மரங்கள் நின்ற இடத்தில் மரங்களின் சாயலே நின்றது. கதிரவன் எழுந்தும் எழாதவன்போல, வெண்துகிலுக்குப் பின்னால் வைத்த விளக்காய் அசையாது எரிந்தான். ஒலிகளும் பனியில் நனைந்து மெல்லவே நடந்தன. கதவின் தாழ்ப்பாள், மிதிவண்டி மணி, யாரோ யாரையோ அழைக்கும் குரல் என எல்லாம் செவிக்கு வருமுன் பாதி கரைந்தன. ஆயினும் அப்பருவத்தின் அமைதியில் ஒரு குறை இருந்தது. தெருக்கோடி வழிபாட்டுக் கூடத்தில், விளக்கின்முன் தொங்கும் திரை விடியலில் விலகும்போது எழுகின்ற பாட்டு அவ்வாண்டு எழவில்லை.

பாடியவருக்குக் கோடையில் தொண்டையில் அறுவை நடந்தது. உயிர் மிஞ்சியது, குரல் மிஞ்சவில்லை. உலர்ந்த இலை தரையில் உரசுவது போன்ற ஒரு முணுமுணுப்பு மட்டுமே எஞ்சிற்று. அன்றுமுதல் அவர் கூடத்துப் படியை மிதிக்கவில்லை.

அவர் மனைவி தையற்காரி. வீட்டு முன்னறையே கடை. கூடத்தைப் பேணுபவன் அவள் தம்பி. ஒரு காலையில் அவன் நைந்துபோன திரையைக் கொண்டுவந்து மேசையில் போட்டான்.

"அக்கா, இது இனிமே ஒட்டுப் போட்டாலும் தாங்காது. வர்ற மாசம் ஒண்ணாந்தேதி விடியும்போது புதுசு தொங்கணும்."

"எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்குடா."

"நான் தைக்கிறேன்."

இலை உரசிய ஒலிக்கு இருவரும் திரும்பினர்.

"அத்தான்," என்றான் தம்பி, சிரிப்பை விழுங்கியபடி, "சட்டைப் பொத்தான் அறுந்தாலே ஊரைக் கூட்டுற ஆளு நீங்க."

"வெறும் வாயோட அங்க வந்து நிக்க எனக்குக் கால் வரலப்பா. என் கையால ஏதாவது கொண்டுவந்தா வருவேன். இல்லேன்னா என்னை எதிர்பார்க்காதீங்க."

தம்பி சிரிக்கவில்லை. தையற்காரி நாட்காட்டியைப் பார்த்தாள். இருபது நாள்கள் இருந்தன.

"சரி. ஆனா எடுத்த எடுப்புல திரை கிடையாது. முதல்ல காகிதம்."

கோடிட்ட தாளொன்றை ஊசியின் கீழ் வைத்தாள். நூல் கோக்கவில்லை. "கோட்டு மேலயே போகணும். ஊசி இறங்குறதுக்கு முன்னால பாதம் இறங்கணும். இந்தா, இதுக்குப் பேருதான் பாதம்," என்று துணியை அழுத்திப் பிடிக்கும் சிறு இரும்பைத் தொட்டுக் காட்டினாள்.

"பாதத்தைப் பணியாம எதுவும் ஆகாதுங்கிறே."

"தத்துவம் அப்புறம். மிதிங்க."

மிதித்தார். சக்கரம் பின்னோக்கிச் சுழன்று நின்றது. "உங்களை மாதிரியே, சொன்னதுக்கு நேர்மாறா ஓடுது பாருங்க," என்று அவள் சக்கரத்தைக் கையால் முன்னோக்கித் தள்ளிவிட்டாள். ஒரு மணி நேரத்தில் தாளெங்கும் துளைகள். அதைச் சாளரத்தின் எதிரே உயர்த்திப் பிடித்தார். பனியின் ஒளி துளைதோறும் புகுந்து, விண்மீன்கள் வரிசையில் நிற்கப் பழகுவதுபோல் தோன்றியது. நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்துக் கைக்குட்டை, விளிம்பை இருமுறை மடித்து நான்கு பக்கமும் ஓட்டுதல். பின் தலையணை உறை. துணியின் நல்ல முகங்கள் இரண்டும் ஒன்றையொன்று நோக்க வைத்து, உட்புறத்தைத் தைத்து, இறுதியில் புரட்டும்போது உறை தன் அழகைக் காட்டியது. அவர் குழந்தைபோல் அதை நான்கு முறை புரட்டிப் பார்த்தார்.

"பழைய பாட்டுல தையல்னா பொண்ணுன்னு ஒரு பொருள் உண்டு, தெரியுமா?"

"அப்படியா? அப்போ தப்பாத் தைச்சா யாரைப் பிரிக்கணும்?"

அவருடைய சிரிப்புக்கு ஒலியில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

ஆனால் ஒரு பிழை விடாது தொடர்ந்தது. அவர் தையலில், ஒரு குத்துக்கும் மறு குத்துக்கும் இடையே விழும் நூற்கண்கள் சில குறுகியும் சில நீண்டும் வந்தன. அவள் எண்ணெய் விட்டாள், ஊசி மாற்றினாள், தானே தைத்துப் பார்த்தாள், சீராக விழுந்தது. "இயந்திரத்துல குத்தமில்ல. துணியை இழுக்கிறீங்க. கீழே பல்லு இருக்கு, அதுவே நகர்த்திட்டுப் போகும். நீங்க கையை வச்சுக்கிட்டா போதும்."

"இழுக்கலையே," என்றார் அவர், உண்மையென நம்பி.

திரைக்குரிய வெண்துணி கடைசி நாள் முற்பகலில் மேசையேறியது. பக்க விளிம்புகள் முன்பே முடிந்திருந்தன. கீழ்மடிப்பு ஒன்றே மீதி. அவள் அளவெடுக்க வெளியே சென்றிருந்தாள். அவர் மிதித்தார். துணி மடியிலிருந்து எழுந்து, ஊசியைக் கடந்து, அருவிபோல் அப்பால் வழிந்தது. அறை மறைந்தது. சாளரத்துப் பனி உள்ளே வந்து துணியாயிற்றோ, துணி வெளியே சென்று பனியாயிற்றோ, அவர் அறியார். எங்கோ ஒரு திரை விலகிக்கொண்டேயிருந்தது. அதற்கு முன்னால் யாரோ பாடிக்கொண்டேயிருந்தார்.

துணி தீர்ந்தபோதுதான் விழித்தார். மடிப்பைப் பார்த்து முகம் சுருங்கினார். முன்னெப்போதையும்விடக் கோணல், ஒரு கண் எள்ளளவு, அடுத்தது நெல்லளவு.

மனைவி வந்ததும் துணியை நீட்டினார். "பிரிச்சுடு. நீயே தைச்சுக் கொடு. நான் நாளைக்கு வரல."

அவள் தையல் பிரிக்கும் சிறு கத்தியை எடுத்தாள். கோணல் தையல் எதுவும் அவள் வாசலைத் தாண்டியதில்லை. தொடக்கம் தேடிக் கட்டைவிரலை மடிப்பின்மேல் ஓட்டினாள். குறுகியது, குறுகியது, நீண்டது. மீண்டும் குறுகியது, நீண்டது, மிக நீண்டது. விரல் நின்றது. முதலிலிருந்து மறுபடி ஓட்டினாள். இம்முறை அவள் உதடுகளும் அசைந்தன. இருபத்தாறு ஆண்டுகளாக விடியலில் கேட்ட பாட்டு. குறிலுக்குக் குறுந்தையல், நெடிலுக்கு நெடுந்தையல். அடியின் முடிவில் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரே புள்ளியில் மும்முறை இறங்கிய ஊசி.

"ஏங்க, மனசுக்குள்ள பாடிக்கிட்டேவா தைச்சீங்க?"

அவர் நினைத்துப் பார்த்தார். "பாடினேனா?"

"இழுக்கிற இடத்திலெல்லாம் துணியையும் சேர்த்து இழுத்திருக்கீங்க." கத்தியை இழுப்பறைக்குள் போட்டாள். "இதை நான் பிரிக்க மாட்டேன்."

"பார்க்கிறவங்க உன் வேலையைத்தானே குறை சொல்லுவாங்க?"

"சொல்லட்டும். ஆனா நீட்டுத் தையல் பாரம் தாங்காது. பக்கத்துலயே துணைக்கு ஒரு வரி நான் ஓட்டித் தரேன்."

அமர்ந்தாள். அவருடைய வரிக்கு நூலிடை கீழே, சீரான தன் வரியை முனை முதல் முனை வரை, பாட்டின் அடியில் சுருதிபோலச் செலுத்தினாள்.

ஒன்றாந்தேதி விடியலில் பனி படியேறிக் கூடத்து வாயில்வரை வந்திருந்தது. அவர் அதனூடே நடந்துவந்து உள்ளே நுழைந்தார். தம்பி திரையைத் தொங்கவிட்டுக் கீழ்மடிப்பை உற்றுப் பார்த்தான்.

"அத்தான், ரெண்டு வரி இருக்கே. ஒண்ணு குடிச்சுட்டு நடந்த மாதிரி..."

"வாயை மூடுடா," என்றாள் அக்காள்.

திரை விலகும் நேரம் வந்தது. அவர் மண்டியிட்டு மடிப்பின் ஓரத்தைக் கையில் ஏந்தினார். கண்மூடி, கட்டைவிரலைத் தையலின்மேல் மெல்ல நகர்த்தினார். விரல் ஓர் அடி முடித்து நின்ற இடங்களிலெல்லாம், பின்னால் நின்ற மனைவியும் மூச்சு வாங்கினாள். நான்காம் அடி முடிந்ததும் மடிப்பைக் கண்களில் ஒற்றிக்கொண்டு கையிலிருந்து நழுவவிட்டார். தம்பி கயிற்றை இழுத்தான். திரை ஒதுங்க, விளக்கு தெரிந்தது.

குரல் உடையோர் வாழ்க. குரல் இழந்தோர் அவரினும் நீடு வாழ்க. கோணல் வரிக்குத் துணைவரி ஓட்டும் கைகள் எந்நாளும் தளராதிருக்க.