ராகமில்லாமல் வாசித்த சீட்டு

மருத்துவமனைப் பதிவு மேசையில் அவளுக்கு அது மூன்றாம் மாதம். வெள்ளிக்கிழமை தலைமை மருத்துவர் கையெழுத்திட்டால் வேலை நிரந்தரம். கொழுந்தன் அளந்துவிட்ட ஒரு வாக்கியத்தால் கிடைத்த வேலை அது: "எங்க அண்ணிக்கு அரபு தண்ணி பட்ட பாடு சார்." அவள் அதை மறுக்கவில்லை.

அதில் பாதி உண்மை. ஆறு வயது முதல் எட்டு ஆண்டுகள், மதரஸாவில் மரப்பலகையில் எழுதி, ஓதி, ஒப்பித்து, பலகையைக் கழுவி, மறுபடி எழுதியவள். தொண்டையில் பிறக்க வேண்டிய எழுத்து நாக்கில் பிறந்தால் ஓதிக்கொடுத்த உஸ்தாது விடமாட்டார். பொருளை மட்டும் அவரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. அரபு பேசும் நோயாளிகள் இதுவரை யாராவது துணையோடு வந்ததால் பிழைப்பு ஓடியது.

புதன்கிழமை வந்த நோயாளிக்குத் துணை மனைவி மட்டும். அந்த அம்மாளுக்கு அரபைத் தவிர வேறு மொழி தெரியாது. எழுதப் படிக்கவும் தெரியாது. நோயாளி காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்தார். அவருடைய சட்டைப் பையில் வேற்றூர் மருத்துவர் ஒருவர் அரபில் எழுதிய சீட்டு இருந்தது.

"என்னம்மா எழுதியிருக்கு?" என்றார் தலைமை மருத்துவர்.

"பென்சிலின்னு ரெண்டு எடத்துல இருக்கு டாக்டர்."

"அப்ப ஏற்கெனவே போட்டிருக்காங்க. சிஸ்டர், மருந்தை எடுங்க."

செவிலி குப்பியை எடுத்தாள். சீட்டைப் பிடித்திருந்தவள் அந்த வரிகளை மறுபடி பார்த்தாள். போடு என்கிறதா அந்தச் சீட்டு, போடாதே என்கிறதா?

"டாக்டர், நிறுத்துங்க. எனக்கு வாசிக்கத்தான் தெரியும், அர்த்தம் தெரியாது."

"மூணு மாசமா?"

"ஆறு வயசுலேர்ந்தே அப்படித்தான் டாக்டர். ஆனா அந்தம்மாவுக்கு அர்த்தம் தெரியுமே. நான் வாசிக்கிறேன், அவங்க கேக்கட்டும்."

வாசித்தாள். எட்டு ஆண்டுப் பழக்கம் எங்கே போகும்? முதல் வரியிலேயே ராகம் தானாக ஏறியது; நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டினாள், மூக்கொலி கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்தாள். அந்த அம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக் கண்களை மூடி, இரு கைகளையும் ஏந்தினார். சீட்டு முடிந்ததும் "ஆமீன்" என்றார்.

"என்ன சொல்றாங்க?" என்றார் மருத்துவர்.

"துஆ, பிரார்த்தனைன்னு நெனச்சிட்டாங்க டாக்டர். தப்பு என்னோடதுதான்."

இம்முறை பேருந்து நிலைய அறிவிப்பைப் போல, தட்டையாக, சொல் சொல்லாக வாசித்தாள். உயிர்க்குறிகள் இல்லாத எழுத்தில் இரண்டு இடங்களில் தடுக்கினாள். அந்த அம்மாளே சொல்லை எடுத்துக்கொடுத்தார். மூன்றாம் வரியில் அவர் துள்ளி எழுந்து செவிலியின் மணிக்கட்டைப் பிடித்தார். குப்பியைக் காட்டினார், தம் தொண்டையை நெரித்துக் காட்டினார், கன்னங்களை உப்பவைத்து, கணவரைச் சுட்டினார்.

மருத்துவர் குப்பியை வாங்கித் தட்டில் வைத்தார். "வேற மருந்து கொண்டு வாங்க சிஸ்டர்."

வெள்ளிக்கிழமை அவளுடைய கோப்பில் கையெழுத்து விழவில்லை. "வாசிப்பார், பொருள் அறியார், மேலும் ஆறு மாதம் பார்க்கலாம்" என்று எழுதியிருந்தது. நியாயம்தான்.

அன்று மதியம் ஒரு நோட்டுடன், காய்ச்சல் தணிந்து உறங்கும் கணவரின் கட்டிலருகே இருந்த அந்த அம்மாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவருடைய கையைத் தொட்டுப் புருவத்தை உயர்த்தினாள்.

"யத்," என்றார் அவர்.

எத்தனை நூறு முறை ஓதிய சொல்! முதன்முறையாக அதன் எதிரே "கை" என்று எழுதிவிட்டு, திரும்பச் சொல்லிப் பார்த்தாள். ராகம் மறுபடி ஒட்டிக்கொண்டது. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே அதே கையால் அவள் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.