மாமன் கைச் சோறு

1

இந்தக் கதை என் பீரோவில், துணிகளுக்கு அடியில் கிடக்கும் ஒரு வெள்ளிக் கிண்ணத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும் கிண்ணம், கூடவே ஒரு சின்னக் கரண்டி. கிண்ணத்தின் அடியில் அக்ஷயா என்று பெயர் வெட்டியிருக்கிறது. அக்ஷயா என் குழந்தை இல்லை. அந்தக் கிண்ணத்திலிருந்து அவள் ஒரு பருக்கையைக்கூட விழுங்கியதும் இல்லை.

திருப்பதியில், சென்னை பஸ்களுக்கு டிக்கெட் போடும் ஒரு கவுண்டரில் எனக்கு வேலை. கூட்டமில்லாத மத்தியானங்களில் பழைய பயணிகள் பட்டியலின் பின்பக்கத்தில் கதை எழுதுவேன். இந்தக் கதையை ஒரு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆறு முறை தொடங்கியாயிற்று. நல்ல தொடக்கங்கள்தான். எல்லாம் பொய்.

(தொடக்கம் ஒன்று: "ஒரு ஊரில் ஒரு பிடிவாதக்காரப் பெரியவர் இருந்தார்." அடித்துவிட்டேன். பிடிவாதம் பிடித்தவர் அவர் ஒருவர்தான் என்று நீங்கள் நம்பிவிடுவீர்கள்.)

(தொடக்கம் நான்கு: "பசி என்பது" — இதற்கு மேல் போகக் கூசியது. நான் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன்.)

ஏழாவது இது. இந்த முறை தரணியின் பக்கத்தைவிட்டு நகர மாட்டேன். அவளுக்குத் தெரிந்ததையே சொல்வேன். எங்காவது நழுவினால் நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.

2

தரணி நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடியானவர் வீட்டுப் பெண். புகுந்த வீடு வடமாலபேட்டையில் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி. கணவன் யோகேஷ் ஸ்ரீசிட்டிக்குக் கம்பெனி பஸ் ஓட்டுகிறான். மாமனார் வேங்கடாசலத்துக்கு நான்கு ஏக்கர் கரும்பு, இரண்டு பசு, ஒரு வாய். மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் செய்திருக்கக்கூடிய அதிகாரத்தையும் சேர்த்து மாமனாரே செய்துவந்தார்.

இவர்கள் வழக்கத்தில் குழந்தைக்கு முதல் சோறு தாய்மாமன் கையால்தான். மாமனும் அவன் பெண்டாட்டியும் மணையில் உட்காருவார்கள். மாமன் குழந்தையை மடியில் வைத்து, வெள்ளிக் கிண்ணத்தில் நெய்யும் பருப்பும் போட்டுக் குழைத்த சோற்றை ஊட்டுவான். அதுவரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் குழந்தையின் வாய்க்குள் போகக் கூடாது. மாமன் ஒழுங்காக ஆறாம் மாதம் வந்து சேரும் வீடுகளில் இது அழகான வழக்கம். நான் அதைப் பழிக்கவில்லை.

தரணியின் அண்ணன் திலீப், அவள் மகள் அக்ஷயாவுக்கு ஊட்ட வரவில்லை.

திலீப் திருப்பதியில் இருப்பவன். வேறு சாதியில் பெண் எடுத்து, ரிஜிஸ்தர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டான். அந்தப் பெண் பெயர் ஷோபா. வேங்கடாசலம் மருமகளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"உங்கண்ணன் வரட்டும், தலைமேல வெச்சிக்கினு தாங்கறேன். அந்தப் பொண்ணு மட்டும் மணை ஏறக் கூடாது. சொல்லிடு."

தரணி போனில் சொன்னாள். அண்ணன் கத்தினான்.

"அவ என் பக்கத்துல குந்தினாத்தான் வருவேன். இல்லன்னா வேற மாமனத் தேடிக்கச் சொல்லு உம் மாமனார!"

(எத்தனை முறை எழுதினாலும் என் பேனா திலீப் பக்கமே சாய்கிறது. பெண்டாட்டியை விட்டுக்கொடுக்காத ஆண்பிள்ளை, கதைக்கு வாகானவன். ஆனாலும் இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம். நியாயம் அவனிடம் இருந்தது, வயிறு அக்ஷயாவிடம் இருந்தது.)

3

ஆறு மாதம் முடிந்த வாரமே அங்கன்வாடி ரத்தினம்மா வந்துவிட்டார். தெலுங்கும் தமிழும் அவருக்கு ஒரே மூச்சு.

"ஏம்மா தரணி, ஆறு மாசம் ஆயிப்போச்சி கதா! இன்னும் பாலே குடுத்துகினு இருந்தா எட்லா? கேவுரு கூழு காச்சு, பருப்பு மசிச்சிக் குடு, வாழப்பயம் நசுக்கிக் குடு. கொஞ்சம் கொஞ்சமா பழக்கு. இப்ப வுட்டா அப்பால நாக்கு கத்துக்காது."

அரசாங்கம் குழந்தைக்கென்று கொடுக்கும் சத்துமாவுப் பொட்டலத்தையும் தரணியின் கையில் வைத்துவிட்டுப் போனார். மாட்டுக் கொட்டகையிலிருந்த வேங்கடாசலத்தின் காதில் எல்லாம் விழுந்தது. மருமகள் திருட்டுத்தனமாக ஊட்டிவிடுவாள் என்று அவருக்குப் பயம். அடுத்த ஞாயிறே எல்லாரையும் காணிப்பாக்கத்துக்குக் கிளப்பினார்.

இந்தப் பக்கத்தில் வரப்புத் தகராறானாலும் களவுப் பழியானாலும் கடைசிப் பேச்சு காணிப்பாக்கத்தில்தான். குளத்தில் முழுகி, பிள்ளையாருக்கு எதிரே நின்று சொன்ன சொல்லை யாரும் மீறுவதில்லை. மீறினவர் குடும்பம் என்னவாயிற்று என்பதற்கு ஊருக்கு நாலு கதை உண்டு. தரணி ஈரப் புடவையோடு நின்றாள். குழந்தை இடுப்பில். மாமனார் சொல்லிக்கொடுக்க, அப்படியே சொன்னாள்.

"எங்கண்ணன் கையால ஊட்டற வரைக்கும் எம் பொண்ணு வாயில வேற எதையும் வைக்க மாட்டேன். இது சத்தியம்."

யோகேஷ் பக்கத்தில் நின்று கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டால் "நைனா சொன்னா சொன்னதுதான்" என்பான். அவனுக்கு இந்தக் கதையில் இதற்கு மேல் இடம் கிடையாது.

ஏன் சத்தியம் செய்தாள்? முட்டாளா? இல்லை. அவள் வேறொரு கணக்குப் போட்டாள். விஷயம் காணிப்பாக்கம்வரை போய்விட்டது என்று தெரிந்தால் அண்ணன் அன்றைக்கே ஓடி வந்துவிடுவான் என்று நம்பினாள். சின்ன வயதில் அவள் அழுதால் ஓடி வந்தவன்தானே. கோயில் வாசலிலிருந்தே போன் போட்டாள்.

திலீப் "பாக்கலாம்" என்றான்.

(சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிகள் இரண்டு பேர். மூன்று என்றும் சொல்லலாம். அதற்கு வருகிறேன்.)

4

ஏழாம் மாதம். எட்டாம் மாதம். ரத்தினம்மா மாதாமாதம் எடை போட்டு அட்டையில் புள்ளி வைப்பார். பச்சையில் இருந்த புள்ளி மஞ்சளுக்கு இறங்கியது.

அக்ஷயா யார் சாப்பிட்டாலும் பார்ப்பாள். தட்டிலிருந்து வாய்க்கும் வாயிலிருந்து தட்டுக்கும் அவள் கண் போய்வரும். அவர்கள் மென்றால் அவளும் வெறும் வாயை மெல்லுவாள். ஒருநாள் தரணியின் தட்டில் கை போட்டு ஒரு பிடி சோற்றை அள்ளிவிட்டாள். தரணி அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோற்றை உதறிவிட்டாள். அதற்கப்புறம் அவள் தன் குழந்தைக்குத் தெரியாமல், மாட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டுதான் சாப்பிட்டாள்.

சத்துமாவுப் பொட்டலங்கள் அலமாரியில் சேர்ந்தன. "பூச்சி வெச்சி வீணாப் பூடும்" என்று வேங்கடாசலம் ஒவ்வொன்றாக உடைத்துக் கன்றுக்குட்டியின் தொட்டியில் கரைத்தார். கன்று மளமளவென்று வளர்ந்தது. அதற்குத் தாய்மாமன் தேவைப்படவில்லை.

"சத்தியத்த மீறினா கொயந்தைக்கு ஆவாது," என்று தரணி ரத்தினம்மாவிடம் அழுதாள். "மீறாட்டியும் ஆவாதுன்னு நீ சொல்ற. நான் இன்னாதான் பண்ணுவேன்?"

ரத்தினம்மா அட்டையில் புள்ளி வைத்தார். ஒன்பதாம் மாதம் அது சிவப்பு.

5

என் ஆறாவது பிரதியில் இந்த இடத்தில் ஒரு காட்சி உண்டு. அப்படியே தருகிறேன்:

"தரணி கதவைச் சாத்தினாள். மடியில் மறைத்து வைத்திருந்த வாழைப்பழத்தை உரித்தாள். பிள்ளையாரே, பாவம் என்னோடு போகட்டும் என்று சொல்லி, நுனியை நசுக்கிக் குழந்தையின் உதட்டில் வைத்தாள். அக்ஷயா சப்புக்கொட்டி"

அழகான காட்சி. எழுதி முடித்து நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் தரணி ஆஸ்பத்திரிக்குக் குழந்தையைக் காட்ட வந்தவள், எங்கள் வீட்டில் இறங்கினாள். நான் காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் மேசைமேல் கிடந்த தாள்களைப் படித்துவிட்டாள்.

"இந்த வாழப்பயம் எங்கருந்து வந்துச்சி அண்ணி?"

"கதைதானே தரணி."

"நான் ஊட்டல. பொண்ணு வாயக் காட்டிக் காட்டி அழுதுச்சி, நான் ஊட்டல. நான் ஊட்டினேன்னு நீ எழுதினா படிக்கறவங்க நல்ல அம்மான்னு சொல்லிட்டுத் தூங்கப் போவாங்க. எம் பொண்ணு வயித்துல எதுனா ஏறுமா?"

அவள் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க மாமனார் பேசினது கீது. அண்ணன் பேசினது கீது. ரத்தினம்மா பேசினதுகூட கீது. நீ பேசினது எங்க?"

அண்ணி என்று கூப்பிடுகிறாள், கவனித்தீர்களா? ஷோபா நான்தான். மணை ஏறக் கூடாது என்று சொல்லப்பட்டவள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று அந்த வீட்டைக் கதையாக எழுதுகிறவளும் நான்தான்.

6

நான் பேசினது இது.

திலீப் என்னிடம் மூன்று முறை கேட்டான். கோயில் வாசலிலிருந்து தங்கை போன் செய்த அன்று ஒருமுறை. அட்டை மஞ்சளானபோது ஒருமுறை. சிவப்பானபோது, சோற்றில் கை வைத்தபடியே ஒருமுறை. மூன்று முறையும் ஒரே கேள்வி.

"இன்னா பண்ணலாம் ஷோபா?"

மூன்று முறையும் நான் சொன்னது: "உன் இஷ்டம்."

கல்யாணமானவர்களுக்கு இதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. போனால் தெரியும் சேதி என்று அர்த்தம். அவனுக்கும் புரிந்தது, போகவில்லை. அவன் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது அவன் மானத்தை என்று இத்தனை பக்கம் எழுதினேனே, அது என் மானம். எனக்கு அந்த மணை வேண்டியிருந்தது. அந்தக் கிழவர் தன் வாயால் என்னைக் கூப்பிட வேண்டியிருந்தது. குழந்தையின் எடை எனக்குத் தெரியும். தரணி ஒவ்வொரு மாதமும் எனக்கே போனில் சொன்னாள்.

சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் நீளமில்லை. "நீ மட்டும் போயி

[இது அடித்தல் அல்ல. அன்றைக்கும் இது இவ்வளவுதான் வந்தது.]

பதினோராம் மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, ரத்தம் இல்லை என்று டாக்டர் திட்டிய பிறகு, வேங்கடாசலம் திலீப்புக்குத் தானே போன் செய்தார். "ரெண்டு பேரும் வாங்கப்பா," என்றார். குரல் இறங்கியிருந்தது. நான் ஜெயித்துவிட்டேன். கிண்ணம் வாங்கி, பெயர் வெட்டி, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு காணிப்பாக்கம் போனேன். மணை ஏறி உட்கார்ந்தேன். பெரியவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அதைப் பார்த்து எனக்குள் ஒரு குளிர்ச்சி ஏற்பட்டதையும் எழுதிவிடுகிறேன்.

திலீப் ஊட்டினான். அக்ஷயா உதட்டை இறுக மூடிக்கொண்டாள். அவள் மூக்கருகே சோறு வந்ததும் முகத்தைத் திருப்பினாள். "பசி இல்ல போல," என்றார் யாரோ. வேங்கடாசலமே தாடையைப் பிடித்துத் திறக்க, திலீப் ஒரு விரல் சோற்றை உள்ளே வைத்தான். குழந்தை நீலம் பாரித்து ஓக்களித்தது. குடித்த பாலெல்லாம் என் பட்டின்மேல் வந்தது.

தரணி வந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். யாரையும் திட்டவில்லை. கிண்ணத்தைத் துடைத்து என் மடியில் வைத்தாள்.

"எடுத்துகினு போ அண்ணி. உனக்குப் பொறக்கறதுக்கு ஆவும்."

7

இனி முடிவு. இரண்டு வைத்திருந்தேன்.

(அ) அக்ஷயா தேறிவிடுகிறாள். குடும்பம் ஒன்று கூடுகிறது. கிழவர் அழுகிறார். — பத்திரிகைக்கு அனுப்ப ஏற்றது. நடக்கவில்லை.

(ஆ) குழந்தை இறந்துவிடுகிறது. — இதுவும் நடக்கவில்லை. என்னைத் தண்டிப்பதற்காக ஒரு குழந்தையைக் கொல்லப் பார்த்தேன் என்று புரிந்ததும் கிழித்துவிட்டேன்.

நடந்தது கதைக்கு உதவாதது. அக்ஷயாவுக்கு இப்போது இரண்டு வயது. கஞ்சியை மிக்ஸியில் அடித்துத் துணியில் வடிகட்டினால் விழுங்குகிறாள். ஒரு பருக்கை தட்டுப்பட்டாலும் ஓக்களிக்கிறாள். ஒரு கிண்ணம் உள்ளே போக ஒன்றரை மணி நேரம் ஆகிறது. நடக்கத் தொடங்கியது போன மாதம்தான். மாதம் ஒருமுறை திருப்பதி ஆஸ்பத்திரியில் விழுங்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். தரணி எங்கள் வீட்டில் இறங்குவதை நிறுத்திவிட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு பையன், கிஷோர். இந்த வாரம் ஆறு மாதம் முடிகிறது. இதை எழுதும்போது என் மடியில்தான் இருக்கிறான். மேசையில் இட்லித் தட்டு இருக்கிறது. என் கை தட்டிலிருந்து வாய்க்குப் போகும்போதெல்லாம் அவன் கண்ணும் கூடவே வருகிறது. வெறும் வாயை மெல்லுகிறான்.

சற்று முன் திலீப் வந்து கதவருகே நின்றான். கையில் போன். தங்கையின் எண்ணை எடுத்து வைத்திருந்தான். அவளோடு அவன் பேசிப் பல மாதம் ஆகிறது.

"கிஷோருக்கு மொதோ சோறு தரணி கையால ஊட்டணும்னு இருக்குது," என்றான். "மாமன்தான் ஊட்டணும்னு எவன் சொன்னான், அத்த ஊட்டட்டும். அவ வர மாட்டேன்னு சொன்னாலும் நாமளே கிளம்பிப் போயி, அவ மடியில புள்ளைய வெச்சிக் கேப்போம். இன்னா பண்ணலாம் ஷோபா?"

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அவள் எதிரில் நிற்க வேண்டும். அவள் மடியில் என் பிள்ளை, பெயர் வெட்டிய கிண்ணம், பக்கத்தில் அக்ஷயா பார்த்துக்கொண்டிருப்பாள். நினைத்ததும் என் வாயில் ஒரு பதில் வந்து நின்றது.

அதை எழுதப் போவதில்லை. இவ்வளவு தூரம் என்னோடு வந்தவர்களுக்கு என் வாய் பழகியிருக்கும். திலீப் இன்னும் கதவருகேதான் நிற்கிறான். பையன் தட்டை எட்டுகிறான். நான் என்ன சொன்னேன் என்று கீழே நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது என்மேல் இரக்கம் காட்ட வேண்டாம்.

"