ஊசி போடாத டை

வெர்லின் ஹாகன் மறுபடியும் தோட்டா நிரப்புகிற டையைத் தூக்கிக்கொண்டு ஆர்லிஸின் துப்பாக்கிப் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"கூடு உள்ள மாட்டிக்கிச்சு, ஆர்லிஸ்."

"எண்ணெய் தடவலையா?"

"மறந்துட்டேன்."

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவர, எண்ணெய் தடவித்தான் டை என்கிற இரும்பு அச்சுக்குள் அழுத்த வேண்டும். தடவாவிட்டால் உள்ளேயே இறுகிவிடும். மொன்டானாவில் வேட்டைக்குப் போகிற யாருக்கும் இது தெரியும். தலை நரைக்கிற வரைக்கும் தன் தோட்டாவைத் தானே நிரப்பிய மனிதர் மாதாமாதம் மறக்கிறார் என்றால், அதை நம்ப ஆர்லிஸ் நேற்றுப் பிறந்தவள் இல்லை. ஆனாலும் நம்பியது போல் இருந்தாள். கூடு மாட்டிக்கொண்டால்தானே அவர் வருவார்? வந்தாலும் கோட்டைக் கழற்றாமல் அடுப்போரம் உட்கார்ந்து, ஒரு கோப்பைக் காபியோடு போய்விடுவார். அந்த ஒரு கோப்பைக்காக அவள் மாதம் முழுக்க ஏங்கினாள்.

அவள் கூட்டின் அடியில் துளைபோட ஆரம்பித்தாள்.

"எல்க் மான் வேட்டை சீசன் முடிஞ்சதும் வீட்டை வித்துடலாம்னு இருக்கேன்," என்றார் வெர்லின். "பொண்ணு அரிசோனாவுக்கு வந்துடுங்கறா. பனி அள்ற வேலை இல்லையாம்."

துளைக் கருவி நின்றது.

"போகணும்னு இருக்கா உங்களுக்கு?"

"இங்க என்னைத் தேட யாரு இருக்கா?" அவர் காபியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டியதுதானே? தொண்டைவரை வந்துவிட்டது.

"அங்க வெயில் கொளுத்துமே," என்றாள்.

தன் தலையில் தானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

துளையில் மறை வெட்டி, போல்ட்டை முடுக்கிக் கூட்டை வெளியே இழுத்தாள். அதில் எண்ணெய் மட்டுமா இல்லை? புகைக்கறைகூட இல்லாமல் யாரோ அக்கறையாகத் துடைத்திருந்தார்கள். கூட்டின் அடியிலிருந்து பழைய வெடிமூடியைக் குத்தித் தள்ளுகிற டையின் ஊசி வளைந்திருந்தது. இழுப்பறையிலிருந்து புது ஊசியை எடுத்தாள். வெர்லின் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். ஊசியை இழுப்பறையிலேயே போட்டு மூடினாள். ஊசி மாட்டுகிற தண்டை மட்டும் டைக்குள் திருகிக் கொடுத்து அனுப்பினாள். ஊசி இல்லையென்று தெரிந்தால் திரும்பி வரத்தானே வேண்டும்?

அவருடைய வண்டி வளைவு திரும்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது. வசந்தத்தில் அவளிடமே ஒரு பாக்கெட் ஊசி வாங்கிப் போயிருக்கிறார். ஊசியை வீட்டிலேயே தானே மாட்டிக்கொள்வார். இனி வர மாட்டார்.

மறுநாள் முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் ஜன்னலுக்குப் போனாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. சாயங்காலம் கடையை மூடப்போகும்போது வெர்லின் வந்தார்.

"ஊசி போடலையே, ஆர்லிஸ்."

"மறந்துட்டேன்."

டையை மேசையில் வைக்க அவர் குனிந்தார். சட்டைப் பையிலிருந்து ஊசிப் பாக்கெட் நழுவி விழுந்தது. அது இன்னும் பிரிக்கப்படவில்லை. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெர்லினின் காது மடல் சிவந்துவிட்டது.

ஆர்லிஸ் அதை எடுத்துத் தன் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இது எங்கிட்டயே இருக்கட்டும். நீங்க அரிசோனா போக வேண்டாம், வெர்லின். எனக்கு நீங்க இங்க இருக்கணும்."

வெர்லின் டையை மேசையில் வைத்தார். பிறகு கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.