முயல்மசாலுக்குக் கஞ்சி

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை கிரவுண்டு காலிமனை ஒன்று உண்டு. என் அண்ணன் பிள்ளை குருபிரசாத்துடையது. அவன் தரமணியில் ஆபீசே கதி என்று கிடப்பவன், மனையைப் பார்த்துக்கொள்வது நான். போன புரட்டாசியில் ஒருநாள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"சித்தப்பா, ஆடு மேஞ்சு மேஞ்சு ஒரே புழுதியா இருக்கு. பக்கத்து ஃபிளாட்காரா தெனம் கம்ப்ளெயின்ட் பண்றா. தை பொறக்கறதுக்குள்ள பச்சையாச்சுன்னா இப்படியே விட்டுடறேன். இல்லேன்னா கல் பாவி கார் பார்க்கிங்கா விட்டுடுவேன்."

ஆடுகள் ஷரீஃப்புடையவை. மூன்று. ராயப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறார். அவர் குடியிருக்கும் சந்தில் ஒரு சைக்கிள் நிறுத்தவே இடம் கிடையாது, அதனால் பன்னிரண்டு வருஷமாக ஆடுகளை இங்கேதான் கட்டுகிறார். இந்த இடம் போனால் அவற்றை விற்றாக வேண்டும். நான் விஷயத்தைச் சொன்னபோது அவர் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக நின்றார்.

நான் பாங்கிலிருந்து ரிடையர் ஆனவன். படிக்க நேரம் உண்டு, படித்ததை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் தூக்கம் வராத வியாதியும் உண்டு. அங்கங்கே மிச்சமிருக்கிற அருகம்புல்லுக்கு நடுவே முயல்மசால் விதைத்தால் போதும் என்று கண்டுபிடித்தேன். பயறு ஜாதிச் செடி. ஆடுகள் ஆசையாகத் தின்னும். வேரில் முடிச்சுக் கட்டி, காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துப் பக்கத்துப் புல்லுக்கும் கொடுக்கும். அந்த முடிச்சைக் கட்டுவது ரைசோபியம் என்கிற நுண்ணுயிர். அதை விதையிலேயே பூசிவிட்டால் நிம்மதி. மாதவரம் போய் விதையும் ரைசோபியம் பொட்டலமும் வாங்கி வந்தேன்.

ஷரீஃப் பொட்டலத்திலிருந்த கறுப்புப் பொடியைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா சார், வெதைக்குப் போய் மை பூசிக்கினு? போன வருசம் நம்ம வூட்டுக்காரி கமர் ஜஹான் இங்கதானே காராமணி போட்டுச்சு? அதுவும் பயறுதானே? நீங்க சொல்ற பூச்சி மண்ணுலயே கீது சார்."

"பேங்க்ல இருந்த எனக்கே இவ்வளவு தெரியறது. டெய்லர் நீங்க என்ன சொல்றேள்?" என்றேன்.

"டெய்லருக்கும் மண்ணு தெரியும் சார்."

விடுவேனா? மனைக்கு நடுவே கயிறு கட்டினோம். கிழக்குப் பாதி எனக்கு, பூசிய விதை. மேற்குப் பாதி அவருக்கு, பூசாத விதை. ஆடுகளை விட்டுப் புல்லை ஒட்ட மேயவிட்டார். பிறகு இருவருமாக இரும்பு வாரியால் மண்ணைக் கீறினோம். எனக்கு இரண்டு நாள் இடுப்பு நிமிரவில்லை.

பொடி விதையில் ஒட்ட அரிசிக் கஞ்சி வேண்டும். என் மனைவி ஹம்சாவிடம், "ஆறியிருக்கணும், சூடா இருந்தா அத்தனையும் செத்துடும்" என்று பத்து தடவை சொன்னேன்.

"கஞ்சி வைக்க நேக்கு நீங்க சொல்லித் தரணுமாக்கும்?" என்றாள்.

ஆறின கஞ்சியில் பொடியைக் குழைத்து, விதையைப் புரட்டி, பழைய வேஷ்டியில் நிழலில் உலர்த்தி அன்றைக்கே தூவினேன். மீந்த கஞ்சியை அப்படியே டம்ளரில் ஊற்றிக் குடித்தேன். தேவாமிர்தம் என்று ஹம்சாவைப் பாராட்டவும் செய்தேன்.

மறுவாரம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று மாதம் ஆடுகள் எங்கள் கார் ஷெட்டில் இருந்தன, கார் தெருவில் நனைந்தது. ஷரீஃப் தினமும் ஸ்கூட்டரில் அகத்திக்கீரைக் கட்டோடு வந்தார். கயிற்றுக்கு இரண்டு பக்கமும் முளைவிட்டது, படர்ந்தது, அருகம்புல்லும் கூடவே கொழித்தது.

மார்கழி கடைசி ஞாயிற்றுக்கிழமை குருபிரசாத் வருவதாகச் சொல்லியிருந்தான். அவனுக்காக மனையில் காத்திருந்தோம். ஷரீஃப்புக்கு இருப்புக்கொள்ளவில்லை. கமர் ஜஹானும் வந்து ஹம்சா பக்கத்தில் நின்றாள். நானோ பந்தயத்தில் குறியாக இருந்தேன். முதலில் என் பாதியில் ஒரு செடியைப் பிடுங்கினேன். வேர் நிறைய முடிச்சு, நகத்தால் கீறினால் உள்ளே ரோஜா நிறம். வேலை செய்கிற முடிச்சுக்கு அதுதான் அடையாளம். வெற்றிப் புன்னகையோடு மேற்குப் பாதியில் ஒன்றைப் பிடுங்கினேன். அதே முடிச்சு, அதே நிறம்.

"பாத்தியா சார்! நான் அப்பவே சொல்லல? மண்ணுலயே கீது!"

என் முகம் போன போக்கைப் பார்த்து ஹம்சாவுக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு பேரும் சித்த சும்மா இருங்கோ. அன்னிக்குக் கஞ்சியில கைப் பழக்கத்துல கல்லுப்பைப் போட்டுட்டேன். நீங்க தூவிட்டு வந்து தூங்கறச்சே குப்பையில கிடந்த பொட்டலத்தைப் படிச்சேன். உப்பு கூடவே கூடாதுன்னு போட்டிருந்தது."

"என்கிட்ட சொல்லப்படாதோ?"

"சொன்னா ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதிப்பேள். மறுநாளே நானும் கமர் ஜஹானும் மாதவரம் போய் புதுசா நாலு பொட்டலம் வாங்கிண்டு வந்தோம். நீங்க வாக்கிங் போன நேரத்துல மக்கின எருவுல கலந்து தூவிட்டோம்."

"என் பாதியிலதானே?"

"ரெண்டு பாதியிலயும்தான். இவா ஆடு போயிடுமோன்னு நேக்கு அடிச்சுண்டுது. உங்க பந்தயம் யாருக்கு வேணும்?" கூடவே, "உப்புப் போட்ட கஞ்சியைத்தானே குடிச்சேள்? தேவாமிர்தம்னேளே, அப்போ தெரியலையா?" என்றாள்.

கமர் ஜஹான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஷரீஃப் தன் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு சிரிப்பு வந்துவிட்டது. காராமணி மண் போதுமா, பொட்டலம் வேண்டுமா என்பது இனி ஒருநாளும் தெரியப் போவதில்லை.

அதற்குள் குருபிரசாத் வந்துவிட்டான். மனையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தான். குனிந்து கையால் தடவினான்.

"இருக்கட்டும் சித்தப்பா, கல் வேண்டாம்" என்றான். "எப்படிப் பண்ணினேள்?"

ரைசோபியத்திலிருந்து ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள்.

"உங்க சித்தி கஞ்சி வச்சா" என்றேன்.

ஷரீஃப் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நடுவில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். பிறகு ஆடுகளை அவிழ்த்து வர ஷெட்டுக்கு ஓடினார்.