கோழிகள் காதில் விழுந்தது

லாயிங்கின் குழந்தை இரண்டாம் வருடத்திலும் பிறக்கவில்லை. கொல்லையில் வளர்ந்த ஐந்து விடைக்கோழிகளும் இன்னும் முதல் முட்டை இடாததுதான் காரணம். யாங்தாங் ஊரில் இதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. மருத்துவச்சி மாதம் தவறாமல் வருவாள், லாயிங்கின் வயிற்றில் காதை வைத்துக் கேட்பாள், "நல்லாத்தான் இருக்கு, தூங்குது" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போவாள்.

அந்த மலைப்பக்கத்தில் மருமகள் உண்டாகிவிட்டாள் என்று தெரிந்த உடனே கோழிக்குஞ்சு வாங்கிவிடுவார்கள். பிள்ளை பிறக்கவும் கோழிகள் முட்டையிடத் தொடங்கவும் சரியாக இருக்கும். பெற்றவள் ஒரு மாதம் வெளியே தலைகாட்டாமல் அந்த முட்டைகளை நாட்டுச்சர்க்கரைத் தண்ணீரில் கொதிக்கவைத்துச் சாப்பிட வேண்டும். கொஞ்சத்தைச் சிவப்புச் சாயத்தில் தோய்த்து ஊருக்குக் கொடுக்க வேண்டும். லாயிங் வீட்டிலும் குஞ்சுகள் வாங்கினார்கள். ஆனால் அவளுக்கு முன்பே இரண்டு பிள்ளைகள் பிறந்த கையோடு இறந்துபோயிருந்தன. இந்தத் தடவை கண்பட்டுவிடக் கூடாது என்று மாமியார் பெங் அம்மாள் ஒரு தந்திரம் செய்தாள். அந்த அம்மாளுக்கு வாய் என்றால் அப்படி ஒரு வாய், கிணற்றடியில் பேசினால் படகுத்துறைக்குக் கேட்கும். தினமும் காலையில் கொல்லையில் நின்று கத்துவாள்: "என் மருமக வயித்துல ஒண்ணும் கெடையாது, வெறும் உப்புசம்! கோழிங்களா? வருசப் பொறப்புக்கு அடிச்சுக் கொழம்பு வைக்கத்தான்!" எந்தக் கெட்டது ஒளிந்திருந்து கேட்டாலும் ஏமாந்து போகட்டும் என்பது அவள் திட்டம். லாயிங்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. ஒரு சட்டை தைக்கவில்லை, ஒரு பெயர் பேசவில்லை. பாவம், அவள் வயிற்றைத் தடவக்கூடப் பயந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள்.

கெட்டது ஏமாந்ததோ என்னவோ, கோழிகள் நன்றாகக் கேட்டுக்கொண்டன. கொண்டை சிவந்தது. கேறின. மூலை மூலையாக இடம் தேடி வைக்கோலில் உட்கார்ந்தன. எழுந்துபோன இடத்தில் சூடு இருக்கும், முட்டை இருக்காது. அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து கோழிகள் கனத்துக்கொண்டே போயின. கடைசியில் ஒரு கோழியைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அவை நடந்த இடமெல்லாம் குழி விழுந்து, குழியில் மழைத்தண்ணீர் நின்று, அடுத்த வீட்டு வாத்துகள் வந்து குளித்தன. லாயிங்கும் கனத்தாள். "நீ ஏறினா நான் நீந்தித்தான் வரணும் தாயி" என்று படகுக்காரன் கும்பிட்டுவிட்டான். அவளுக்கு அப்புறம் உண்டான அடுத்த வீட்டுக்காரியின் பையன் பிறந்து, நடந்து, வாத்துகளை விரட்ட ஆரம்பித்துவிட்டான்.

இதற்குள் இன்னொன்றும் நடந்தது. உப்புசம் உப்புசம் என்று சொல்லிச் சொல்லி பெங் அம்மாளே அதை நம்பிவிட்டாள். இரண்டாவது வருஷப் பிறப்புக்கு முதல் நாள் காலை மகனைக் கூப்பிட்டு, "முட்டை வைக்காத கோழிக்கு எதுக்குடா தவிடு? எல்லாத்தையும் அடி, கொழம்பாவது மிஞ்சும்" என்றாள். லாயிங்கின் புருஷன் மான்ஷெங் தாய் சொல்லைத் தட்டாதவன். வாசற்படியில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டினான்.

அந்தச் சத்தம் லாயிங்கின் அடிவயிற்றில் இறங்கியது. கோழிகள் போய்விட்டால் உள்ளே இருப்பது எதற்காகக் காத்திருக்கும்? அது வரவே வராது என்று அவளுக்குத் தெரிந்துபோனது. கொல்லைக்குப் போய்க் கோழிகளுக்கு முன்னால் நின்று, மாமியாரையும் மிஞ்சுகிற குரலில் கத்தினாள்.

"உப்புசம் இல்ல! எல்லாரும் கேட்டுக்கோங்க, என் வயித்துல பிள்ளை இருக்கு! ரெண்டு வருசமா எனக்கு அந்த நெனப்புத்தான். கோழிங்களா, உங்கள யாரும் அடிக்க மாட்டாங்க. எனக்கு முட்டை வேணும்!"

பெங் அம்மாள் ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள். "அடிப்பாவி, மெதுவாப் பேசுடி, அந்தக் கெட்டது காதுல விழுந்துடும்!"

"விழட்டும் அத்தை. பிள்ளை காதுலயும் விழட்டும். ஒரு தடவையாவது அத வான்னு கூப்பிட்டோமா?"

பெங் அம்மாளின் கை தானாக இறங்கியது. மான்ஷெங் கத்தியைக் கூரையில் செருகினான். லாயிங் நேராகக் கூட்டுறவுக் கடைக்கு நடந்து, அத்தனை பேர் பார்க்கச் சிவப்புச் சாயம் கேட்டாள். "யாருக்கு?" என்றான் கடைக்காரன். "என் பிள்ளைக்கு" என்றாள். திரும்பி வருகிற வழியெல்லாம் வயிற்றைத் தடவிக்கொண்டே வந்தாள், அழுதுகொண்டும் வந்தாள். இல்லாத முட்டைகளுக்காகச் சாயத்தைக் கிண்ணத்தில் கரைத்து அடுப்போரம் வைத்தாள்.

மறுநாள் விடிந்தபோது கிண்ணத்தில் இருந்தது வெறும் தண்ணீர். வைக்கோலில் ஐந்து முட்டைகள் கிடந்தன, ஐந்தும் நல்ல சிவப்பு. மருத்துவச்சி வருவதற்குள் லாயிங்குக்கு வலி எடுத்துவிட்டது. உச்சிப்பொழுதுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து வீறிட்ட வீறிடலில் படகுத்துறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தொண்டை அப்படியே பாட்டியுடையது. "உன்னப் போயி உப்புசம்னு சொன்னேனே என் தங்கமே" என்று பெங் அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மூன்றாம் நாள் குழந்தை எழுந்து உட்கார்ந்தது. பிந்தியதை ஈடுகட்டுகிறது என்று விட்டுவிட்டார்கள். பெண் பிறந்தால் மாமனார் வீட்டுக்குப் பெட்டைக்கோழி கொண்டுபோய்த்தான் சேதி சொல்வது வழக்கம். மான்ஷெங் ஒரு கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மலையேறினான். அது கனமே இல்லை.

அதற்கப்புறம் அந்தக் கோழிகள் சாதாரண முட்டைதான் இட்டன. ஊரில் பிள்ளை பிறக்கப்போகிற நாளில் மட்டும் சிவப்பு முட்டை வரும். கூட்டுறவுக் கடையில் இரண்டுக்கும் ஒரே விலை. இப்போது யாங்தாங்கில் எவளாவது உண்டானால் யாரும் மறைப்பதில்லை, முதல் வேலையாகக் கொல்லைக்குப் போய்க் கோழிகளிடம் சொல்லிவிடுகிறார்கள். வெட்கப்படுகிற பெண்களுக்காகப் பெங் அம்மாளே கூடப் போய்ச் சத்தமாகச் சொல்லிவிட்டு வருகிறாள்.