பொறுக்கிற சூடு

என் நாத்தனார் சமைக்கும் தையல் ஆலையில் வயிற்றுப்போக்கு என்று தகவல் வந்ததுமே, எங்கள் சுகாதார அதிகாரியிடம் போய், "சார், அங்க சமையல்கட்டு எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி பொறுப்புல இருக்கு. வேற யாரையாவது அனுப்புங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே, "நாத்தனார் தப்பு பண்ணா அண்ணி மறைச்சிடுவாங்கன்னு எவனாவது நம்புவானா? நீயே போம்மா" என்றார். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. வேறு ஆய்வாளர் கைவசம் இல்லை என்பதுதான் உண்மைக் காரணம்.

எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். நான் ஒரு தட்டைக் கழுவி வைத்தால், அதை எடுத்து இன்னொரு தரம் கழுவுவாள். அதுவும் நான் பார்க்கும்போதே கழுவுவாள். ஆனால் அந்தக் கொழுப்பை எல்லாம் தள்ளிவிட்டுப் பார்த்தால், சுத்தத்தில் அவளை ஒரு சொல் சொல்ல முடியாது. அவள் சமையலால் ஆலையே படுத்துவிட்டது என்றால் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஆலை மானேஜருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்திருந்தது.

"காலை ஷிப்டுல பாதிப் பேர் படுத்துட்டாங்க. சாயங்கால ஷிப்டுல ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. காலைல சமைச்சதுலதான் கோளாறு. சாயங்காலத்துக்குள்ள நீங்க வேற காரணம் காட்டலேன்னா அந்தம்மாவை வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

"சாயங்கால ஷிப்டு என்ன சாப்பிடறாங்க?"

"அதே சாப்பாடுதான். காலைல சமைச்சதுல பாதிய எடுத்து வெச்சிடுவாங்க."

"காலைல கெட்டது சாயங்காலம் தானா நல்லதாயிடுமா சார்?"

அவர் மேசைமேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். குடிதண்ணீரைப் பற்றிக் கேட்டேன். "ரெண்டு ஷிப்டுக்கும் ஒரே அண்டா. காலைல கொதிக்க வெக்கிறதுதான். தண்ணில எல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார்.

அதே சாப்பாடு, அதே அண்டா. ஆனால் ஒரு கூட்டத்துக்கு மட்டும் நோய். இந்த மாதிரி முடிச்சு ஒன்று கையில் கிடைத்துவிட்டால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். படுத்திருந்தவர்களை வீடு வீடாகப் போய்க் கேட்டேன். "என்ன தண்ணி குடிச்சீங்க?" என்றால் எல்லாரும் ஒரே பல்லவிதான்: "கொதிக்க வெச்ச தண்ணிதான் மேடம், பச்சத் தண்ணி தொடறதே இல்ல." கடையில் எதுவும் வாங்கித் தின்னவில்லை என்றும் சத்தியம் செய்தார்கள். அவர்களில் பலர் ஏற்கெனவே தேறி, தெம்பாக உட்கார்ந்து பேசினார்கள்.

தேறாதவள் ஒருத்திதான். பொத்தான் தைக்கும் பெண் என்பதால் அவளை எல்லாரும் 'பட்டன்' என்று கூப்பிடுவார்கள். சொந்தக்காரர் யாரும் பக்கத்தில் இல்லாதவள். ஆஸ்பத்திரியில் டிரிப் ஏறிக்கொண்டே இருந்தது. வாடிய கீரைத்தண்டு மாதிரிக் கிடந்தாள்.

"மத்தவங்களுக்குக் குடுத்த அதே மருந்துதான். கொஞ்சம் தேறுது, மறுபடி விழுந்துடுது. இன்னொரு தடவை இப்படி ஆனா தாங்கமாட்டா" என்றார் டாக்டர்.

கட்டிலருகே ஒரு பச்சை ஃபிளாஸ்க். அதன் மூடியில் என் நாத்தனாரின் பெயரெழுத்து கீறியிருந்தது. வேலைக்கு நடுவே தினமும் வந்து இந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போகிறாளாம். வீட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு அவள்மேல் முதல்முறையாகப் பாசம் மாதிரி ஏதோ வந்தது.

மறுபடி ஆலைக்கு வந்தபோது காலை ஷிப்டின் சாப்பாட்டு நேரம். மணி அடித்ததும் பெண்கள் ஓடி வந்தார்கள், அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். நேரத்தை மானேஜர் பாதியாகக் குறைத்துவிட்டாராம். சமையல்கட்டு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. குறை கண்டுபிடிக்கவே வந்தவளைப் போல நானும் மூலை முடுக்கெல்லாம் பார்த்தேன். ஒன்றும் சிக்கவில்லை.

"என்ன அண்ணி, மோந்து மோந்து பாக்கறீங்க? எதாவது கெடச்சுதா?" என்றாள் நாத்தனார்.

"கெடைச்சா உனக்குத்தான் மொதல்ல சொல்வேன். தொண்டை காயுது, கொஞ்சம் தண்ணி குடு."

அண்டாவின் மூடியைத் தூக்கினாள். ஆவி பறந்தது. ஒரு டம்ளரில் கொஞ்சம் மொண்டவள், "இருங்க, சுடுது. பொறுக்கிற சூட்டுல விளாவித் தரேன்" என்று குழாயைத் திறந்து டம்ளரை நிரப்பி நீட்டினாள்.

வாய்வரை கொண்டுபோய்விட்டேன். அங்கேயே கை நின்றுவிட்டது.

"எல்லாருக்கும் இப்படித்தான் குடுக்கறியா?"

"பின்ன? கொதிக்கிறத அப்படியே குடுத்தா நாக்கு வெந்துடாதா? இதுங்க வந்து நிக்கிற நேரத்துக்குத் தண்ணி எங்க ஆறுது? முன்னல்லாம் ஆறுற வரைக்கும் உக்காந்து பேசிட்டிருப்பாளுங்க. இப்ப முடியுமா?"

"சாயங்கால ஷிப்டுக்கு?"

"அதுக்குள்ள அண்டாவே ஆறிடுமே. அப்புறம் எதுக்கு விளாவணும்?"

அடிப்பாவி என்று அவளைத் திட்டுவதா, என்னையே திட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. கொதிக்க வைத்ததா என்று ஊரெல்லாம் கேட்ட நான், அதில் எதைக் கலந்தீர்கள் என்று ஒருத்தரையும் கேட்கவில்லை. அவர்களும் பொய் சொல்லவில்லை. விளாவிய தண்ணீரை யார் பச்சைத் தண்ணீர் என்று நினைப்பார்கள்? என் வீட்டிலும் அது வெந்நீர்தான்.

குழாய்த் தண்ணீரைச் சோதனைக் குப்பியில் பிடித்துக் குளோரின் சோதனை மருந்தைச் சொட்டினேன். தண்ணீரில் குளோரின் இருந்தால் மஞ்சளாக வேண்டும், ஆகவில்லை. பின்பக்கம் போய், அந்தக் குழாய்க்குத் தண்ணீர் வரும் தரைத்தொட்டியின் மூடியைத் திறக்கச் சொன்னேன். மூக்கைப் பொத்திக்கொண்டேன். புதிதாகக் கட்டிய கழிப்பறையின் குழாய் தொட்டியை ஒட்டியே போனது. அதன் இணைப்பிலிருந்து தொட்டியின் விரிசல் வழியாகக் கழிவுநீர் உள்ளே கசிந்துகொண்டிருந்தது. கூட வந்த மானேஜர் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினார்.

"குழாயை மூடுங்க. இனிமே சமையல்காரம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றேன். சொல்லும்போது எனக்குத் தித்திப்பாகத்தான் இருந்தது. ஓடிவந்து நாத்தனாரிடம், "உன் சமையல்ல ஒண்ணுமில்ல. தண்ணிதான்" என்றேன்.

அவள் மலரவில்லை. அடுப்பை அணைத்தாள். "அப்ப ஃபிளாஸ்க்குல…" என்றாள்.

"என்ன ஃபிளாஸ்க்?"

"பட்டனுக்கு. ஆஸ்பத்திரித் தண்ணி வேணாம்னு தினம் இங்கேருந்துதான் கொண்டுபோறேன் அண்ணி. அந்தப் பொண்ணு வாய் புண்ணாக் கெடக்கு. சூடு ஆகாது. அதனால நல்லா விளாவி…"

அவளை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்தேன்.

ஃபிளாஸ்க் பாதிக் காலியாக இருந்தது. எடுத்துக் கழிவுத்தொட்டியில் கொட்டினேன். டாக்டரிடம் சொன்னதும், "அதான் விழுந்துகிட்டே இருந்துதா" என்று தலையில் கைவைத்தார். "இத்தோட நின்னுதுன்னா பொழைச்சிப்பா" என்று மருந்தெழுதப் போனார்.

"நான்தான் குடுத்தேன் அண்ணி. என் கையாலதான்."

அவளுக்கு ஆறுதலாக ஒரு பொய் சொல்ல ஆசையாக இருந்தது. வரவில்லை. "ஆமா. உனக்குத் தெரியாது" என்றேன்.

பட்டன் கண் விழித்தாள். "அக்கா, தண்ணி."

நாத்தனார் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி சமையல்கட்டுக்குப் போய், என் கண்ணெதிரே கொதிக்க வைத்த தண்ணீரையும், கொதிநீரில் போட்டெடுத்த இரண்டு டம்ளர்களையும் கொண்டுவந்தேன். அவள் முன்னால் வைத்தேன்.

"குடு. நீயேதான் குடுக்கணும்."

கட்டிலோரம் உட்கார்ந்தாள். ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீரை ஊற்றினாள். மறுபடி இதிலிருந்து அதற்கு. ஆவி பறந்தது. மடியெல்லாம் சிந்தியது. அவள் கண்ணும் சிந்தியது.

"பரவால்லக்கா, கொஞ்சம் பச்சத் தண்ணி ஊத்திக் குடேன்" என்றாள் பட்டன்.

"வேணாம்டி" என்று ஆற்றிக்கொண்டே இருந்தாள் என் நாத்தனார். "இங்க யாரும் மணி அடிக்கமாட்டாங்க. ஆறட்டும்."