வலது காலில் கியர்

என்னிடம் ஐந்து மோட்டார் சைக்கிள்கள் இருக்கின்றன. ஒரு மனிதனுக்கு எதற்கு ஐந்து என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. கேட்கிறவர் வீட்டு வாசலில் பத்து ஜோடி செருப்பு கிடக்கும். அதை யாராவது கேட்கிறார்களா?

ஐந்துக்கும் பெயர் உண்டு. மாமியார் என்பது ஐந்நூறு சி.சி. கறுப்பு வண்டி. நாம் ஒரு உதை உதைத்தால் அது திருப்பி ஒன்று உதைக்கும், அதனால் அந்தப் பெயர். பெயர் வைத்த அன்று என் மனைவி, "எங்கம்மாவையா சொல்றீங்க?" என்று முறைத்தாள். உன் மாமியாரைத்தான் சொன்னேன் என்று தப்பித்துக்கொண்டேன். சம்பந்தி, அலுவலக நண்பன் ஒருவனுக்கு ஒரு வண்டியைக் கொடுத்து ஒரு வண்டி எடுத்ததில் வந்தது. தபால், தபால் இலாகாவில் இருபது வருடம் மூட்டை சுமந்து ஓய்வு பெற்றது. ஊமைக்குச் சத்தமே வராது. சின்னவள் கடைசியாக வந்தவள். புகையும் சிணுங்கலும்தான். செல்லம் கொடுத்துக் கெடுத்தது நான்.

வீட்டின் பக்கவாட்டில் தகரக் கூரை போட்டு ஐந்தையும் வரிசையாக நிறுத்தியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு அங்கேதான். இன்ஜின் தலையில் டேப்பெட் மூடியைக் கழற்றி, இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை உள்ளே விட்டு இழுத்துப் பார்ப்பேன். தகடு இறுகவும் கூடாது, வழுக்கவும் கூடாது. லேசாகப் பிடித்து, மனமில்லாமல் விட வேண்டும். அந்த இடம் விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. மூடியைப் போட்டு, உதைத்து, கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து இன்ஜின் நிதானமாக ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். வேறு எங்கும் எனக்கு அந்த நிம்மதி கிடைத்ததில்லை. அலுவலகம் போகிற பாலத்துச் சாலை ஒன்றுதான், ஆனால் தபாலில் போனால் அது ஒரு சாலை, மாமியாரில் போனால் வேறு சாலை. தபால், தலை குனிந்துகொண்டு போகும். மாமியாரின் ஒவ்வொரு அடியும் வயிற்றுக்குள் விழும். எதிர்க்காற்றில் கண்ணில் தண்ணீர் வர, இந்தப் பாலம் இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கக் கூடாதா என்று தோன்றும்.

மனைவியும் அப்போதெல்லாம் கொட்டகைக்கு வருவாள். ஆஸ்பத்திரியில் மூத்த நர்ஸ். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வார்டு வார்டாக நடக்கிறவள், வார விடுமுறையில் காலை நீட்டி உட்கார்ந்து பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் செயினைத் தேய்த்துக் கொடுப்பாள். தேய்த்துக்கொண்டே, "ஐஞ்சு பேரு வாய்க்கும் பாத்து பாத்து ஊத்துறீங்க, நான் காப்பி கேட்டா மட்டும் காது கேக்கல" என்பாள்.

எல்லா வேலையும் நானே செய்வேன், பிரேக் ஷூ தவிர. அது ஸ்டெத்துவின் வேலை. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து நோயைச் சொல்கிற மெக்கானிக் அவன். ஸ்டெதஸ்கோப் வைத்த டாக்டர் மாதிரி என்று ஊரே அவனை ஸ்டெத்து என்றது. எனக்கு இருபத்திரண்டு வருடத் தோழன். என் மனைவியைத் தங்கச்சி என்பான், அவள் அவனை அண்ணே என்பாள்.

இப்போது கால்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் ஓடுகிற வண்டிகளில் கியர் இடது காலில், பிரேக் வலது காலில். தபாலும் ஊமையும் சின்னவளும் அப்படித்தான். மாமியாரும் சம்பந்தியும் பழைய காலத்து வண்டிகள், அவற்றில் எல்லாம் தலைகீழ். பிரேக் இடது காலில், கியர் வலது காலில். மாமியாரில் இன்னொரு குணமும் உண்டு. வலது காலால் மிதிக்க மிதிக்கக் கியர் ஏறும். முன் பிரேக் பேருக்குத்தான். நிறுத்துவதெல்லாம் இடது கால்தான்.

ஆரம்பத்தில் இந்த இரண்டிலும் ஏறியதும் இடது காலை இரண்டு முறை தட்டி, "பிரேக் இங்கே" என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். பிறகு அது சின்னப்பிள்ளைத்தனமாகப் பட்டது. கால் மாறிப்போகாதா என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டபோது, வண்டியைப் பார்த்ததுமே என் கால் மாறிக்கொள்ளும் என்று பீற்றிக்கொண்டேன். தட்டுவதை விட்டுவிட்டேன்.

அந்த வாரம் முழுக்கத் தபாலில் போய் வந்திருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் மனைவியை டியூட்டிக்குக் கொண்டுபோய் விட மாமியாரை எடுத்தேன். நான்கு நாள் முன்னால்தான் ஸ்டெத்து புது பிரேக் ஷூ போட்டுக் கொடுத்திருந்தான். ஆஸ்பத்திரிக்குப் பின்புறச் சந்தில் இரண்டாவது கியரில் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு கேட்டிலிருந்து லாரி ஒன்று ரிவர்ஸில் வந்தது. தூரம் இருந்தது. நிறுத்தியிருக்கலாம். கிளட்சைப் பிடித்து வலது காலால் ஓங்கி மிதித்தேன். நிற்கவில்லை. மறுபடி மிதித்தேன். வண்டி வழுக்கிக்கொண்டு போய் லாரியின் பின் மூலையில் இடித்து இடதுபுறமாகச் சாய்ந்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுடைய இடது கணுக்கால் வண்டிக்கும் லாரிக்கும் நடுவில் இருந்தது.

ஆபரேஷன் நடக்கும்போது அவளுடைய அண்ணன் வந்தார். எனக்கு மச்சான், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். எப்படி ஆச்சு என்றார். வாய்க்கு வந்தது அதுதான்: "பிரேக் பிடிக்கல, மச்சான்."

பிரேக் வேலை யார் பார்த்தது என்று கேட்டார். சொன்னேன்.

மறுநாள் திருத்திவிடலாம் என்று அப்போது நினைத்தேன். மறுநாளுக்குள் மச்சான் ஸ்டெத்துவின் கடைக்குப் போய், நான்கு பேர் நின்றுகொண்டிருக்கும்போது, என் தங்கச்சி காலை ஒடச்சுட்டியே என்று சத்தம் போட்டுவிட்டு வந்திருந்தார். அதோடு விடவில்லை. வாரம் இரண்டு நாள் வண்டி ஓட்டப் பழக வருகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது, எந்த மெக்கானிக்கிடம் பிரேக்கைக் கொடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். என் உத்தியோகமும் சேர்ந்துகொண்டது. நான் லிஃப்ட் பரிசோதகர். பிரேக் சரியாக இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் எட்டு மாடிக் கட்டடத்தில் ஜனங்கள் ஏறி இறங்குவார்கள். பிரேக் போனது என்று நானே சொன்ன பிறகு எவன் சந்தேகப்படுவான்?

ஸ்டெத்து சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு வார்த்தை ஏறிப்போய், ஆத்திரத்தில் உண்மையைக் கக்கியிருப்பேன். அவன் வரவில்லை. சந்தில் கிடந்த மாமியாரைத் தூக்கிக்கொண்டு போய், நெளிந்ததை நிமிர்த்தி, கழுவி, ஆள் மூலமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டான். எனக்கு அவன்மேல் எரிச்சலாக வந்தது. தப்பு செய்யாதவன் வாயைத் திறக்க வேண்டியதுதானே என்று அவன்மேலேயே கோபப்பட்டேன். அந்த அளவுக்குக் கேடுகெட்டுப் போயிருந்தேன்.

எட்டாவது மாதம் அவன் கடையை மூடினான். பாலத்துப் பக்கம் இருக்கும் பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கிறான் என்று கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து நான் வேறு பங்க்குக்குப் போனேன்.

மனைவியின் கணுக்கால் மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். ஊன்றுகோலோடு வேலைக்குத் திரும்பினாள். வார்டு இல்லை, கோப்பு அறை. செத்தவர்கள், பிழைத்தவர்கள் எல்லோருடைய காகிதத்தையும் எண் வாரியாக அடுக்குகிற வேலை. கொட்டகைக்கு அவள் மறுபடி வரவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், நான் டேப்பெட் மூடியைக் கழற்றுகிற நேரம் பார்த்து, சமையலறை ஜன்னலிலிருந்து ஒரே கேள்வி வரும்.

"ஸ்டெத்து அண்ணன் எப்படி இருக்காராம்?"

இருக்கான் என்பேன். ஒன்றும் தெரியாமல் கேட்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். தகடு விரலில் பிடிக்கிறதா, வழுக்குகிறதா என்று தெரியாது. ஐந்து வண்டியும் எனக்கு வெறும் இரும்பாகத் தெரிந்த காலம் அது. ஆனாலும் துடைத்தேன், ஓட்டினேன். நிறுத்திவிட்டால் ஏன் நிறுத்தினீர்கள் என்று யாராவது கேட்பார்களே.

போன மாதம் ஊமையின் பின் டயர் பாலத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. தள்ளிக்கொண்டு போகக்கூடிய தூரத்தில் அந்த ஒரு பங்க்தான். வெயிலில் தள்ளிக்கொண்டு போனேன். ஸ்டெத்து குழாயோடு எழுந்து வந்தான். நீல நிறச் சட்டை, மார்பில் பங்க்கின் முத்திரை. டயர் பக்கத்தில் உட்கார்ந்து, வால்வில் எச்சில் வைத்துப் பார்த்து, வால்வு கசிகிறது என்று முடுக்கிவிட்டுக் காற்றடித்தான். ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். பண்ணினேன். காதைச் சாய்த்துக் கேட்டான்.

"எக்ஸாஸ்ட் பக்கம் டேப்பெட் லேசா தட்டுது. பாத்துக்க."

நான் கிளம்பியிருக்கலாம். இன்ஜினை நிறுத்தினேன். அவன் குழாயைச் சுருட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்:

"அன்னைக்கு வண்டிய தூக்கி நிறுத்தினப்ப உருளல. நியூட்ரலுக்கு மூணு தடவ பெடல தூக்க வேண்டியிருந்துச்சு. நாலாவதுல, டாப் கியர்ல இருந்துச்சுடா. அந்தச் சந்துல யாருடா டாப்ல போவா?"

சுருட்டிய குழாயைக் கீழே வைத்தான்.

"பிரேக்க மிதிச்சுப் பாத்தேன். நல்லா பிடிச்சுச்சு" என்றான். அடுத்த வண்டி வந்தது. அதற்குக் காற்றடிக்கப் போய்விட்டான்.

நேராக வீட்டுக்குப் போனேன். மனைவி காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்தது எதுவும் வரவில்லை. அன்றைக்குப் பிரேக்கில் ஒன்றும் கோளாறு இல்லை, தபால் நினைப்பில் கால் மாறி மிதித்துவிட்டேன், உன் காலை ஒடித்தது நான்தான் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவள் கத்துவாள், அழுவாள், வீட்டை விட்டுப் போ என்பாள் என்று காத்திருந்தேன். கையிலிருந்த துண்டை மடித்து வைத்தாள்.

"தெரியும்."

ஸ்டெத்து சொன்னானா என்று கேட்டேன்.

"அவர் சொல்றதுக்கு முன்னாடியே தெரியும். உங்க பின்னாடி உக்காந்திருந்தது நான்தான? உங்க வலது தோள் ரெண்டு தடவ கீழ போச்சு. எத்தன வருஷமா உங்க பின்னாடி உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அப்புறம்தான் மீதியைச் சொன்னாள். ஆபரேஷன் முடிந்த மறுநாள், நான் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் ஸ்டெத்து வார்டுக்கு வந்திருக்கிறான். டாப் கியர் விஷயத்தைச் சொல்லி, மச்சானிடம் போய்ப் பேசப் போவதாகச் சொல்லியிருக்கிறான். அவள்தான் தடுத்திருக்கிறாள்.

"ரெண்டு நாள் பொறுங்கண்ணே, அவரே சொல்லிடுவார், அவர எனக்குத் தெரியும்னு சொன்னேன். நீ சொன்னா சரிம்மான்னு போயிட்டார்." துணி மடிப்பதை நிறுத்தினாள். "ரெண்டு நாள்னுதான் சொன்னேன். அந்த மனுஷன் என் வார்த்தைக்காக எட்டு மாசம் வாயத் தொறக்காம, கடையையே மூடிட்டார். வாரா வாரம் ஜன்னல்ல நின்னு உங்களக் கேட்டேன். ஒரு நாளாவது சொல்லுவீங்கன்னு கேட்டேன்."

கால் போனதற்கு அவள் அழுது நான் பார்த்ததில்லை. இதற்கு அழுதாள். கால் மாறுவது யாருக்கும் நடக்கும் என்றாள். முதல் வாரமே சொல்லியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன் என்றாள். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். துண்டை எடுத்து நடுவில் வைத்துக்கொண்டாள்.

உன் அண்ணனிடம் நீயும் ஒரு வார்த்தை சொல் என்று கெஞ்சினேன். மாட்டேன் என்றாள். அது என் வேலை இல்லை என்றாள்.

வியாழக்கிழமை டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். மச்சான் கரும்பலகையில் சாலை முக்கு ஒன்றை வரைந்துகொண்டிருந்தார். பெஞ்சுகளில் பதினைந்து பேர். அவர்கள் முன்னால் வைத்தே சொன்னேன். பிரேக் போகவில்லை, மெக்கானிக் மேல் தப்பில்லை, நான் கால் மாறி மிதித்தேன் என்றேன். மச்சான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு என் தோளில் கை போட்டார்.

"கடைய மூடிட்டான்னு கேள்விப்பட்டதும் மனசு கேக்கல, அதான மாப்பிள்ளை?"

இல்லை, நடந்ததே அதுதான் என்றேன்.

"லிஃப்ட் பிரேக்குக்கே கையெழுத்துப் போடுறவருக்கு, சொந்த வண்டில பிரேக் எந்தக் கால்னு தெரியாதா? யாருக்குக் காது குத்துறீங்க?" என்று சிரித்தார். பிறகு பெஞ்சுகளைப் பார்த்துத் திரும்பி, அடுத்தவன் பிழைப்புக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிற மனுஷர் இவர், இப்படி ஒரு மனசு யாருக்கு வரும் என்றார். இரண்டு பேர் கை தட்டினார்கள். மூன்றாவது முறை சொன்னேன். மச்சான் எனக்குத் தேநீர் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலில் ஊன்றுகோலோடு நின்றிருந்தாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன். நம்பல."

"நம்பற வரைக்கும் சொல்லுங்க" என்று உள்ளே போனாள்.

டிரைவிங் ஸ்கூலில் திங்களும் வியாழனும் வகுப்பு. இரண்டு நாளும் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.